வாடகை கேட்டு எனக்கு நானே ஒரு கடிதம்

சிட்னிக்கு மேற்கே பென்டில் ஹில்லில் ஒரு பலசரக்குக் கடை. கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதை எட்ட இன்னும் ஐந்து வருடம். அவர் வாடகைக்கு இருக்கும் கட்டடம் விலைக்கு வந்திருக்கிறது. அவுஸ்திரேலியாவில் முதலாளி ஊழியர்களுக்கு 'சுப்பர்' என்ற ஓய்வூதியச் சேமிப்புக் கட்டவேண்டும். அந்தப் பணத்தைப் பெரிய நிறுவனங்களிடம் விடாமல் ஊழியரே ஒரு 'ஃபண்டு' வைத்து நிர்வகிக்கவும் 1993ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிடுகிறது. அந்தப் பணத்தில் கட்டடமே வாங்கலாம் என்று யாரோ கல்யாண வீட்டில் சொல்லிவிட்டார்கள். (பந்தியில் இலவசமாகக் கிடைக்கும் சட்ட ஆலோசனைக்கு எங்கள் ஆட்களிடம் என்றுமே பஞ்சமில்லை.) நண்பரின் மகள், கணக்காளர், அரிசி வாங்க வந்து அகப்பட்டுக்கொண்டாள்.

கடைக்காரர்: பிள்ளை, அரிசி கிடக்கட்டும். என்ர சுப்பர் காசில இந்தக் கடையை வாங்கப்போறன். ஏலுமோ, ஏலாதோ?

கணக்காளர்: ஏலும் அங்கிள்.

கடைக்காரர்: பிறகென்ன! நாளைக்கே என்ர பேரில உறுதி எழுதிப்போடுவம்.

கணக்காளர்: உங்கட பேரில இல்லை, ஃபண்டுக்கு. கடன் எடுத்து வாங்கினால் அதுவும் நேர இல்லை. கடன் கட்டி முடியுமட்டும் வேறொரு கம்பனியின்ர பேரிலதான் உறுதி இருக்கும்.

கடைக்காரர்: ஆர் அந்தக் கம்பனிக்காரன்?

கணக்காளர்: நீங்கள்தான். அதுக்கெண்டு புதுசா ஒண்டு பதியவேணும்.

கடைக்காரர்: அப்ப ஃபண்டை நடத்துறது ஆர்?

கணக்காளர்: அதுக்கு ஒரு ட்ரஸ்டி கம்பனி. டைரக்டர் நீங்கள். வாடகைக்கு இருக்கிற கடைக் கம்பனிக்கும் நீங்கள்தான் டைரக்டர். கடைசியில பென்சன் எடுக்கிறதும் நீங்கள்.

கடைக்காரர்: எல்லாரும் நான்தான் எண்டால் சண்டைக்கு இடமே இல்லையே.

கணக்காளர்: அதுதான் சிக்கல். எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் முன்பின் தெரியாத ஆக்கள் மாதிரி நடக்கவேணும்.

கடைக்காரர்: வேலிச் சண்டைக்குப் பிறகு எங்கட ஊரில அண்ணன் தம்பி இருக்கிற மாதிரி.

கணக்காளர்: கிட்டத்தட்ட. கடை ஃபண்டோட லீஸ் எழுதவேணும். சந்தையில என்ன வாடகையோ அதுதான். முதலாம் திகதியெண்டால் முதலாம் திகதி காசு போகவேணும்.

கடைக்காரர்: ஜனவரியில சனமெல்லாம் ஊருக்குப் போயிடும், யாவாரம் படுத்திடும். ரெண்டு மாசம் பொறுக்கச் சொல்லி எனக்கு நானே கேக்கமாட்டனே?

கணக்காளர்: கேளுங்கோ. கட்டடக்கார நீங்கள் ஏலாதெண்டு வாடகைக்கார உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதவேணும். ஓடிட்டர் வருசாவருசம் பாப்பார். கடிதம் எங்க எண்டு கேப்பார். காணாட்டி வரித் திணைக்களத்துக்கு எழுதக்கூடும்.

கடைக்காரர்: கொரோனாவுக்கு வாடகையைக் குறைக்க விட்டவையெல்லோ?

கணக்காளர்: விட்டவை. அதுக்கும் பிறத்தியாருக்குக் குறைக்கிற மாதிரிக் குறைச்சு, எழுத்தில வைச்சிருக்கச் சொன்னவை. கூட்டம் வைச்சு முடிவெடுத்தாலும் எழுதி 10 வருசம் வைச்சிருக்கவேணும்.

கடைக்காரர்: எனக்கு நானே கூட்டமோ! சரி, குறைக்கேலாட்டி வாடகையைக் கூட்டுவம். கடை லாபத்துக்கு 25 வீதம் வரி, ஃபண்டில 15தானே? இந்தப் பையில கிடக்கிறதை அந்தப் பைக்கு மாத்தினால் 10 வீதம் மிச்சம்.

கணக்காளர்: சந்தை வாடகைக்கு மேல வாங்கினால் அந்த வருமானத்துக்கு 45 வீதம்.

கடைக்காரர்: என்னை நானே கொள்ளையடிக்கவும் விடமாட்டாங்கள்.

கணக்காளர்: கொள்ளை தேவையில்லை அங்கிள். ஒழுங்கான வாடகைக்கே அந்த 10 வீத வித்தியாசம் கிடைக்கும். ஒரு வருசத்துக்கு மேல வைச்சிருந்து வித்தால் லாபத்துக்கு 10 வீதம்தான் வரி. அறுபதுக்குப் பிறகு வேலையை விட்டுப் பென்சனாக்கினால், ஒரு எல்லைக்குள்ள வரியே இல்லை. 2025 ஜூலையில அந்த எல்லையை ஆளுக்கு 20 லட்சம் டொலராக்கினவை.

(இதில் கடைக்காரர் காதில் விழுந்தது 'வரியே இல்லை' மட்டும். முதலீட்டுக் கூட்டங்களில் மேடையேறுகிறவர்களும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தேநீருக்கு எழுந்துவிடுகிறார்கள்.)

கடைக்காரர்: அப்ப முடிஞ்சுது. மேல்மாடியில மகனை இருத்துவம். அவனும் வீடு வீடா அலையிறான்.

கணக்காளர்: ஏலாது. உங்கட கடை அதில வாடகைக்கு இருக்கவேணுமெண்டால் கட்டடம் முழுக்க யாவாரத்துக்குத்தான் பாவிக்கவேணும். மகன் வாடகை தந்தாலும் படுக்கேலாது.

கடைக்காரர்: அரிசி மூட்டை படுக்கலாமோ?

கணக்காளர்: தாராளமா.

கடைக்காரர்: பின்னுக்கு மீனுக்கு ஒரு குளிரறை கட்டவேணும். கடனைக் கொஞ்சம் கூட்டி எடுப்பம்.

கணக்காளர்: கடன் காசில ஒழுகிற கூரையைத் திருத்தலாம், புதுசா ஒண்டு கட்டேலாது. இனி நான் ஒண்டு கேக்கிறன். கடை என்ன விலை?

கடைக்காரர்: ஒன்பது லட்சம்.

கணக்காளர்: பென்சன் தொடங்கினால் 65 வயதுக்குக் கீழ வருசம் 4 வீதம், 65இல இருந்து 5 வீதம், குறைஞ்சது காசா எடுக்கவேணும். ஃபண்டில இந்தக் கடை மட்டும்தான், கடனும் முடிஞ்சுதெண்டு வைப்பம். 4 வீதம் எண்டாலே 36,000. வயது போகப்போக வீதம் கூடும். கவுன்சில் வரி, காப்புறுதி, ஓடிட்டர் கூலி வேற. இதெல்லாம் வாடகையிலதான் வரவேணும்.

கடைக்காரர்: காணாட்டி ரெண்டு செங்கல்லைக் கழட்டித் தரலாமோ?

கணக்காளர்: அதுதான் கேக்கிறன். வாடகைக்காரர் ஆர்?

கடைக்காரர்: நான்.

கணக்காளர்: முன்னால பெரிய சுப்பர்மார்க்கெட்டில பாஸ்மதியும் முருங்கைக்காயும் விக்கத் தொடங்கிட்டாங்கள். உங்கட கடை படுத்தால் சம்பளம் நிக்கும். அதே நாள் வாடகை நிக்கும். வாடகை நிண்டால் பென்சனும் நிக்கும். கடன் மிச்சமிருந்தால் கடன்காரர் மட்டும் நிக்கமாட்டினம்.

கடைக்காரர்: அவை இந்தக் கட்டடத்தை மட்டும்தான் எடுக்கலாமாம், ஃபண்டில இருக்கிற மற்றதைத் தொடேலாதாம். கல்யாண வீட்டில சொன்னவர்.

கணக்காளர்: சரியாத்தான் சொன்னவர். ஆனால் கடன் குடுக்கேக்க உங்கட பேரில தனிப்பட்ட பிணையும் கேப்பினம். அப்ப நீங்கள் இருக்கிற வீட்டில கை வைப்பினம். அதை அவர் சொன்னவரோ?

கடைக்காரர்: அந்த நேரம் பாயாசம் வந்திட்டுது.

கணக்காளர்: 2019இல வரித் திணைக்களம் 17,700 அளவான ஃபண்டுகளுக்குக் கடிதம் போட்டது. 90 வீதத்துக்கு மேல ஒரே வகைச் சொத்தில போட்டிருக்கிறியள், யோசிச்சுத்தான் செய்தனீங்களோ எண்டு.

கடைக்காரர்: பாத்தியோ, 17,700 பேர் துணைக்கு இருக்கினம்! பிழையெண்டால் இவ்வளவு பேர் செய்வினமே?

கணக்காளர்: (கொஞ்ச நேரம் அரிசிப் பையைப் பார்த்துவிட்டு) முற்பணம் எப்பிடி? 30, 35 வீதமாவது கையில இருக்கவேணும். முத்திரை வரி வேற.

கடைக்காரர்: என்ர சுப்பரும் மனிசியின்ர சுப்பரும் சேர்த்தால் மட்டுமட்டாக் காணும். ரெண்டு பேரையும் ஃபண்டில போடுவம். ஆறு பேர் வரைக்கும் போடலாமாமெல்லோ?

கணக்காளர்: போடலாம். அன்ரியும் டைரக்டராகிக் கையெழுத்து வைக்கவேணும். பிழை வந்தால் அவவும் பொறுப்பு. கேட்டனீங்களோ?

கடைக்காரர்: அவவுக்கு ஏன் இந்தக் கரைச்சல்? சொன்ன இடத்தில வைப்பா.

(திரைக்குப் பின்னால் மிளகாய்த்தூள் பொதி செய்யும் சத்தம் நின்றது.)

கணக்காளர்: அன்ரி, உங்கட சுப்பரில எவ்வளவு இருக்கு?

மனைவி: எவ்வளவு இருக்கோ, அது அங்கயே இருக்கட்டும் பிள்ளை.