நூறு வயதுப் புதுப்பெட்டி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உலையில் உருக்கிப் புதுக் கம்பியாக்குகிறார்கள். பழம்பொருள் கடைகள் சிலவற்றில் தொழில் நேர்மாறு: புதுமரம் உள்ளே போய், நூறு வயது கூடி வெளியே வருகிறது. கொஞ்சம் டீ டிகாக்‌ஷன், கொஞ்சம் ஷூ பாலிஷ், சங்கிலியால் நாலு அடி. உலைகூட வேண்டாம்.

திருவள்ளூர்ப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டியவர்களுக்கு இப்போது ஹாலில் ஒரு பழங்கால இழுப்பறைப் பெட்டி இருந்தாக வேண்டும். காரைக்குடிச் சரக்கு என்றால் பர்மா தேக்கு. பழவேற்காடு என்றால் டச்சுக்காரர் சொத்து. 1613இல் அங்கே கோட்டை கட்டியவர்கள் இத்தனை பெட்டிகளோடு வந்திருந்தால் கப்பலில் பீரங்கிக்கு இடம் இருந்திருக்காது.

வயதைக் கடைக்காரரிடம் கேட்காதீர்கள். இழுப்பறையை உருவிக் கவிழ்த்துப் பாருங்கள். கையால் அறுத்த இணைப்புப் பற்கள் ஒன்றுபோல் இருக்காது. அடிப்பலகை பிளைவுட் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். “வெள்ளைக்காரன் காலம், 1890ங்க சார்” என்ற பெட்டியில் பிளஸ் தலைத் திருகு பளபளக்கும். அதற்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்ததே 1936இல்தான். சொன்னால், “ரிப்பேர் பண்ணப்போ மாத்துனது சார்” என்பார். அதுவும் உண்மையாக இருக்கலாம் என்பதுதான் இந்த வியாபாரத்தின் அழகு.

பூச்சித் துளைகளை வயதுக்குச் சாட்சியாகக் காட்டுவார்கள். மாவு உதிர்ந்தால் சாட்சி இன்னும் உள்ளேயே குடியிருக்கிறது என்று அர்த்தம். தேக்கின் வைரத்தைப் பூச்சி எளிதில் தொடாது. சல்லடையாகிப்போன அந்தப் ‘பர்மா தேக்கு’ எந்தக் காட்டில் விளைந்ததோ, கடைக்காரருக்கே வெளிச்சம்.