கையைக் கட்டிய கனவான்கள்

1880 செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் 164 கல்வியாளர்கள் மாநாடு கூட்டினார்கள். காது கேளாத பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்பது பேச்சு. கூடியவர்களில் காது கேளாதவர் ஒரே ஒருவர். ஆட்டைக் கேட்டுக்கொண்டா பிரியாணிக்கு மசாலா அரைக்கிறோம்? சைகை மொழியை வகுப்பிலிருந்து விரட்டு, உதட்டசைவைப் பார்த்து வாயால் பேசப் பழக்கு என்று தீர்மானம் போட்டார்கள். ஆதரவு 160, எதிர்ப்பு 4.

அதன்பின் ஆரம்பித்தது திருத்தொண்டு. சைகை காட்டிய பிஞ்சு விரல்களில் அடி விழுந்தது. கைகளின் மேலேயே உட்காரச் சொன்னார்கள். 'பாடு' என்பதும் 'மாடு' என்பதும் உதட்டில் ஒன்றுதான். சந்தேகமென்றால் கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். இந்த உதட்டசைவைப் பார்த்துத் திருதிருவென விழித்த பிள்ளைக்கு 'மந்தபுத்தி' என்று பட்டம் வேறு! புத்தி யாருக்கு மந்தம் என்பதைத் தீர்மானிக்கத்தான் மாநாடே கூட்டாமல் விட்டார்கள்.

நிகராகுவா கதை இன்னும் ருசி. மனாகுவாவில் 1977இல் தொடங்கிய சிறப்புப் பள்ளியிலும் ஸ்பானிஷ் உதட்டசைவைத்தான் திணித்தார்கள். ஒன்றும் ஏறவில்லை. பிள்ளைகளோ ஆளுக்கொரு வீட்டுச் சைகையோடு வந்து, விளையாட்டுத் திடலிலும் பள்ளிப் பேருந்திலும் கலந்து, சில ஆண்டுகளில் சொந்தமாக ஒரு மொழியையே உண்டாக்கிவிட்டார்கள். அடுத்து வந்த வாண்டுகள் அதன் இலக்கணத்தை இன்னும் செப்பமாக்கின. அந்த மொழிக்கு வாத்தியார், பாடநூல், பரீட்சை எதுவும் கிடையாது. ஆசிரியர்களுக்கோ தலைகால் புரியவில்லை. அந்தப் பிள்ளைகள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ஆராய 1986இல் ஜூடி கெகல் என்ற மொழியியலாளர் அமெரிக்காவிலிருந்து வர வேண்டியிருந்தது.

சைகை பேசும் வீட்டில் பிறந்த காது கேளாத சிசு கையாலேயே மழலை பேசும் என்பது 1991இல் ஆய்விதழில் வெளியாகிவிட்டது. மிலான் வழிவந்த மாநாட்டினர் 2010இல் வான்கூவரில் கூடி, பழைய தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தார்கள். 130 ஆண்டு கழித்து! எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் மொழியின்றி வளர்ந்தார்கள் என்பதற்கு வருத்தத் தீர்மானத்தில் இடம் போதாது.

இன்றும் "கையைக் காட்டிப் பேசாதீங்கம்மா, அப்புறம் வாயே திறக்காது" என்று தாய்மாரை மிரட்டும் நிபுணர்கள் உண்டு. தாயே, காதுக்குக் கருவி பொருத்துங்கள், பேச்சுப் பயிற்சியும் கொடுங்கள். ஆனால் பேச்சு வரட்டும் என்று மொழியை நிறுத்தி வைக்காதீர்கள். சைகை தெரிந்த காது கேளாத பெரியவர் ஒருவரை வீட்டுக்கு அழைத்துப் பிள்ளையோடு உட்கார வையுங்கள். நிபுணரிடம் கேட்டுவிட்டு அல்ல, இன்றைக்கே.