மான்கொம்புக் கத்தி போன வழி

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கா. மதுக்கடை மேசையைச் சுற்றி நாலைந்து பேர் போக்கர் ஆடுகிறார்கள். இடுப்பில் துப்பாக்கி தொங்கும் சபையில் சீட்டைக் கலைத்துப் போடுவது லேசுப்பட்ட வேலையா? ஒருத்தனுக்கே மூன்று ஏஸ் போய்ச் சேர்ந்தால், எல்லார் கண்ணும் போட்டவன் பக்கம் திரும்பும். கண்ணுக்குப் பின்னாலேயே கையும் கிளம்பும்.

போடுவது யார் முறை என்று தெரிய, அவர் முன்னால் ஓர் அடையாளப் பொருளை வைப்பார்கள். அதற்குப் பெயர் 'பக்'. மான்கொம்புப் பிடி போட்ட கத்தியை வைத்ததால் கலைமானின் பெயரே ஒட்டிக்கொண்டது என்பது பரவலான கதை. போட மனமில்லாதவர் 'பக்'கைப் பக்கத்து ஆளிடம் நகர்த்திவிடலாம். 'பாஸ் த பக்' பிறந்தது இப்படித்தான். தமிழில் சொன்னால், "இது நம்ம சீட் இல்லீங்க, அடுத்த சீட்ல கேளுங்க."

இந்தக் கத்தி மேசை மேசையாக நகர்ந்து ஒருநாள் வெள்ளை மாளிகைக்கே வந்துவிட்டது. அங்கே அதிபராக இருந்தவர் ஹாரி ட்ரூமன். ஒரு காலத்தில் கான்சாஸ் நகரில் ஆண்கள் துணிமணிக் கடை வைத்தவர். 1922-ல் கடை நொடித்தது. கூட்டாளி பிற்பாடு மஞ்சள் கடுதாசி கொடுத்தார். இவர் கொடுக்காமல் வருஷக்கணக்கில் கடனை அடைத்தார். போக்கர் என்றால் உயிர். 1946 மார்ச்சில், இரும்புத் திரை பற்றி முழங்குவதற்காக ஃபுல்டனுக்கு ரயிலேறிய சர்ச்சிலையும் சீட்டாட உட்காரவைத்தார். ஹிட்லரிடம் தோற்காத மனிதர் அந்த ரயிலில் தோற்றார்.

அதற்கு முந்தைய அக்டோபரில் ட்ரூமனுக்குத் தபாலில் ஒரு மேசைப் பலகை வந்திருந்தது: 'த பக் ஸ்டாப்ஸ் ஹியர்'. எந்தப் பொறுப்பும் என்னைத் தாண்டிப் போகாது என்று அர்த்தம். டாலருக்கும் 'பக்' என்றொரு செல்லப்பெயர் உண்டு. அந்த அர்த்தத்தில் படித்தால் 'பணம் இங்கேயே நின்றுவிடும்' என்றாகும். அதையும் மனமாரப் பின்பற்றும் மேசைகள் உலகில் ஏராளம்.

பலகைக்குப் பின்பக்கமும் உண்டு. பொறுப்பு வாசகம் பார்க்க வந்தவர்களுக்கு. ட்ரூமன் கண்ணில் பட்டதோ, 'நான் மிசூரிக்காரன்'. கண்ணால் காட்டினால்தான் நம்புவேன் என்று அந்த ஊர்ப் பேச்சில் பொருள்.

சரி, பலகை எங்கே செய்தது? ஓக்லஹோமாவின் எல் ரீனோ சிறையில். 'நானில்லை, அவன்தான்' என்று கைகாட்டிப் பார்த்தும் பலிக்காமல் உள்ளே வந்தவர்கள் எத்தனை பேரோ! 'பக்' கடைசியில் எங்கே நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன?