ஊமைப்படத்தில் வந்த பூதம்

கேள்வி: எழுத்தாளர் லவ்கிராப்டின் அண்டவெளித் திகில் கதைகளைக் கையில் காசில்லாதவர்கள் படமாக்க முடியுமா?

பதில்: பிரமாதமாக முடியும்! 1928-இல் ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் வெளியான ‘தி கால் ஆஃப் கதூலு’ கதையை 2005-இல் அவருடைய ரசிகர்களே எடுத்துக் காட்டினார்கள். இயக்கம் ஆண்ட்ரூ லீமன். கதை அச்சான காலத்திலேயே எடுத்த படம்போல கறுப்பு வெள்ளை, ஊமைப்படம், 47 நிமிடம். அதுதான் கெட்டிக்காரத்தனம். வண்ணத்தில் எடுத்திருந்தால் செட்டின் ஏழ்மை பல்லிளித்திருக்கும். ஊமைப்படத்தில் அதே செட் கெட்ட கனவாகிவிடுகிறது. கதையின் பூதமான கதூலுவோ ஃபிரேம் ஃபிரேமாகக் கையால் நகர்த்திய பொம்மை. லவ்கிராப்டே தன் பூதத்தைப் பாதி சொல்லி, மீதியை நம் பயத்திடம் விட்டவர். பயம் சம்பளம் கேட்பதில்லையே! படமெடுக்க ஆசைப்படும் தம்பி தங்கைகளே, கேமராவை வாடகைக்கு எடுக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.