இயந்திரத்துக்கு விடுப்பு: ஓசூர்ப் பெருவிழா குறித்து ஓர் ஆய்வு

ஓர் ஊரின் பெருவிழா எது என்பதைத் தீர்மானிக்கும் முறை ஆய்வுலகில் இதுவரை வகுக்கப்படவில்லை. மற்ற ஊர்களில் இந்தக் குறை யாரையும் உறுத்துவதில்லை. மதுரைக்குச் சித்திரை, கும்பகோணத்துக்கு மகாமகம் என்று குழந்தையும் சொல்லிவிடும். சிக்கல் ஓசூரில்தான். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் வாடகை கொடுத்துக் குடியிருக்கும் இந்த ஊரில், ஒரு வீட்டு வாசலில் உகாதிக்கு மாவிலை வாடி முடிப்பதற்குள் அடுத்த வீட்டில் சித்திரைக் கனி தயாராகிவிடுகிறது. கூட்டத்தை அளவாகக் கொண்டால் பேருந்து நிலையம் தினமும் திருவிழா. ஒலிபெருக்கியை அளவாகக் கொண்டால் எல்லா நாளும் சமம். ஆகவே இக்கட்டுரை ஒரு புதிய இலக்கணத்தை முன்வைக்கிறது: ஓர் ஊர் எதை நம்பிப் பிழைக்கிறதோ, அதற்கே விடுப்புக் கொடுத்து, குளிப்பாட்டி, பொட்டு வைத்து, முன்னால் நின்று கும்பிடும் நாள் எதுவோ, அதுவே அவ்வூரின் பெருவிழா. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது முதல் ஓசூர் நம்பிப் பிழைப்பது இயந்திரத்தை. எனவே ஓசூரின் பெருவிழா ஆயுத பூஜை. இதுவே இக்கட்டுரையின் துணிபு.

முதல் சான்று சட்டப் புத்தகத்திலிருந்து. தமிழ்நாட்டில் தொழிற்சாலைப் பண்டிகைகளை நிர்ணயிப்பது பஞ்சாங்கம் என்று நம்புகிறவர்கள் 1958-ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டத்தைப் படித்ததில்லை. அது ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு வேறு ஐந்து பண்டிகை நாட்களைத் தருகிறது; ஆக ஒன்பது. மாநில எல்லையில் ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் கர்நாடகத்தின் 1963-ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்சிக்கு வருகிறது. அங்கே அதே நான்கு, அதே ஐந்து, கூடவே மாநில உதய நாளான ராஜ்யோத்சவத்துக்கு நவம்பர் 1, ஆக பத்து. எல்லையைக் கடந்து வேலைக்குப் போகிறவருக்குப் பக்தி கூடுவதில்லை, விடுமுறை மட்டும் ஒன்று கூடுகிறது. இதன் குடும்ப விளைவுகள் கவனத்துக்குரியவை. கணவர் சிப்காட்டிலும் மனைவி கர்நாடகத்துப் பொம்மசந்திராவிலும் வேலை பார்க்கும் வீட்டில், நவம்பர் 1 அன்று ஒருவர் போர்வையோடும் மற்றவர் டிபன் பாக்ஸோடும் இருப்பார்கள். பண்டிகைக்கான ஐந்து இடங்களில் பொங்கலும் தீபாவளியும் நம் பக்கத்தில் விவாதமின்றி உட்கார்ந்துவிடும், மீதிக்குத்தான் எச்.ஆர். அறையில் பேச்சுவார்த்தை. உகாதிக்கு ஒரு கை தூக்கினால் சித்திரைக்கு இன்னொரு கை தூக்கும். இத்தனை இழுபறியிலும் எல்லைக்கு இருபுறமும், எந்த மொழிக்காரரும் எதிர்க்காமல் பட்டியலில் ஏறும் பெயர் ஆயுத பூஜை.

இங்கே கூர்மையான ஒரு மறுப்பு எழும். இயந்திரம் குடியரசு தினத்தன்றும்தானே நிற்கிறது, அதைப் பெருவிழா என்போமா? நிற்பது வேறு, விடுப்பில் இருப்பது வேறு. ஜனவரி 26 அன்று ஆள் வராததால் இயந்திரம் நிற்கிறது. அதனிடம் யாரும் காரணம் சொல்வதில்லை. ஆயுத பூஜைக்கோ அது மாப்பிள்ளை. வருடம் முழுக்க எண்ணெய் வழிந்த உடம்பைத் துடைத்து, பெயின்ட் அடித்து, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, கட்டுப்பாட்டுப் பலகையில் அவசர நிறுத்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் சந்தனம் வைக்கிறார்கள். சிவப்புப் பொத்தானும் குங்குமமும் ஒரே நிறமாக அமைந்தது தற்செயல் என்று ஆய்வாளர் கருதவில்லை. இன்னொன்று: விடுமுறை வீட்டுக்கு, பூஜை கம்பெனிக்கு என்பதால் பல இடங்களில் பூஜை முதல் நாள் ஷிஃப்ட் முடியும் நேரத்திலேயே நடந்துவிடுகிறது. கம்பெனி நேரத்தில் பக்தி, சொந்த நேரத்தில் தூக்கம் என்ற இந்த ஏற்பாடு எந்த ஆகமத்திலும் இல்லை. ஆனால் தொழிற்சங்கமும் நிர்வாகமும் வாதமின்றி ஏற்ற ஒப்பந்தங்களில் இதற்கு முதலிடம் தரலாம். தூசி புகாத அறைகளில் கற்பூரம் ஏற்ற முடியாது என்பதால் அங்கே தெய்வம் கேட் வரை வந்து செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்தில் தீபாராதனை வாங்கிக்கொள்ளும். பொரி, கடலை, அவல் எல்லோருக்கும் ஒன்றுதான். ஸ்வீட் பாக்ஸ் மட்டும் பர்மனென்ட்டுக்கு ஒரு எடை, காண்ட்ராக்டுக்கு ஒரு எடை என்று சில இடங்களில் மாறுவதாகப் பேச்சு உண்டு. அது இறையியல் பிரச்சினை அல்ல என்பதால் இங்கே விரிக்கவில்லை.

பொங்கலையும் தீபாவளியையும் பெருவிழா என்போர் ஓசூரை அன்று பார்த்திருக்க வேண்டும். முந்தைய இரவே ஊர் பேருந்தில் ஏறி தர்மபுரி, சேலம், திருவண்ணாமலை என்று கலைந்துவிடும். ஊரே காலியாகும் நாளை அவ்வூரின் விழா என்பது தர்க்கத்துக்கு ஒவ்வாது.

பழைய குடிகள் எழுப்பும் மறுப்பு இதைவிட வலுவானது. மலைமேல் சந்திரசூடேஸ்வரரும் மரகதாம்பாளும் இருக்க, தேர்த் திருவிழா இருக்க, ஸ்பேனருக்கு முதல் மரியாதையா? தேரின் பெருமையை இக்கட்டுரை மறுக்கவில்லை. அன்று மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விடுகிறார் என்பதும் உண்மை. ஆனால் அத்தகைய ஆணைகளின் அடுத்த வரியைப் படிக்க வேண்டும்: இந்த விடுமுறை 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது, கருவூலம் குறைந்த பணியாளர்களோடு இயங்கும், ஈடாக ஒரு சனிக்கிழமை வேலைநாள். சனிக்கிழமையாகத் திருப்பிச் செலுத்த வேண்டிய விடுமுறையைக் கடன் என்றுதான் சொல்ல முடியும். கூர்ந்து நோக்கினால் தேரும் ஓர் இயந்திரமே. சக்கரம் உண்டு, அச்சு உண்டு, பிரேக்குக்கு முட்டுக்கட்டை உண்டு. ஆண்டுக்கு ஓரிரு நாள் ஓடி, மீதி நாளெல்லாம் ஓய்வில் இருக்கிறது. இந்தப் பணி நிபந்தனையை எந்தச் சங்கமும் இதுவரை வென்றெடுத்ததில்லை.

எருது விடும் விழாவைப் பற்றிப் பேசும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2023 பிப்ரவரி 2 அன்று, அனுமதி கிடைப்பதில் ஏற்பட்ட தாமதத்தால் ஓசூர் அருகே கோபசந்திரத்தில் கூட்டம் தேசிய நெடுஞ்சாலையை மறித்தது. கல்வீச்சு வரை போன அந்த நாளில் சிரிக்க ஒன்றுமில்லை. எனினும் மறுப்பாளர் கேட்பார்: ஆயுத பூஜைக்காக யாராவது சாலையை மறித்ததுண்டா? மறித்ததில்லை, மறிக்கத் தேவையில்லை என்பதே அதன் பலம். அதற்கு ஆட்சியரின் அனுமதியும் வேண்டாம், கால்நடை மருத்துவர் சான்றும் வேண்டாம். தவிர, அன்று மணிக்கணக்கில் நின்றவை லாரிகள். எருதுக்கு வழி கேட்ட நாளிலும் இயந்திரமே நிறுத்தப்பட்டது என்பது நம் துணிபுக்கு வலுச் சேர்க்கிறது. கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியை நீண்ட நேரம் ஆராய வேண்டியதில்லை. மாங்காய் வரத்து மிகும் பருவத்தில்தான் கூழ் ஆலைகள் ஓய்வில்லாமல் ஓடுகின்றன. இயந்திரம் ஓவர்டைம் பார்க்கும் காலம் நம் இலக்கணப்படி விழா ஆகாது; சுவையான சந்தை, அவ்வளவே.

கடைசி மறுப்பு வடக்கிலிருந்து வந்திருக்கிறது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் செப்டம்பர் 17-ஐ ஒட்டி விஸ்வகர்மா பூஜை கொண்டாடுகிறவர்கள்; அவர்களுக்கும் கும்பிடு பொருள் அதே கருவி, அதே எந்திரம். ஆயுத பூஜை இதனால் போட்டியைச் சந்திக்கிறது என்பர் சிலர். நாம் அப்படிக் கருதவில்லை. பெரும்பாலும் சில வாரங்களிலேயே ஒரே லேத்துக்கு இரண்டு பொட்டு விழுகிறது. தேதியில் ஒருமைப்பாடு இல்லாவிட்டாலும் தெய்வத்தில் இருக்கிறது. வேறு எந்த விழாவுக்காவது, தனித்தனி மொழி பேசுவோர் தனித்தனிப் பஞ்சாங்கம் பார்த்து வந்து ஒரே மூர்த்தியின் முன் நின்றதாக இப்பகுதியில் சான்று காட்டுவோர் இருந்தால் இத்துணிபைத் திரும்பப் பெறத் தயார்.

இவ்விழாவின் நடைமுறையில் சீர்திருத்தம் வேண்டுவது ஒன்றே ஒன்று. திருஷ்டிப் பூசணிக்காயைக் குங்குமம் தடவி நடுரோட்டில் உடைக்கும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. பின்னால் வரும் பைக் அதில் வழுக்குகிறது. அந்த பைக்கும் பெரும்பாலும் இந்த ஊரிலேயே செய்ததாக இருக்கும். எனவே உடைப்பவர்கள் ஓரமாக உடைத்து, சிதறியதைக் கையோடு கூட்டி அள்ளிவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறோம்.