பழைய சட்டையில் வாத்து வரிசை

பழைய உடையை மலிவாக வாங்கி, தையல் இயந்திரத்தால் அலங்காரத் தையல் போட்டுப் புதுப்பிக்கும் கலைக்குத் தமிழ்நாட்டு வீடுகளில் முதல் இடையூறு, பழைய துணிக்கு ஏற்கெனவே ஒரு நிரந்தர உத்தியோகம் இருப்பதுதான். அண்ணன் சட்டை தம்பிக்கு வரும். அதன்பின் இரவில் போட்டுக்கொள்ளும் சட்டையாகும். பிறகு அடுப்படியில் கரித்துணி, பைக் துடைக்கும் துணி, கடைசியாகக் குளியலறை வாசலில் மிதியடி. இடையில் பாத்திரக்காரர் தெருவில் குரல் கொடுத்தால் ஒரு மூட்டை சேலை ஒரே ஒரு எவர்சில்வர் சம்படமாக மாறிவிடும். இந்த வரிசையைக் குலைத்து, ஒரு சட்டையை மறுபடியும் சட்டையாகவே பணியமர்த்த முயல்கிறவர் முதலில் சமாதானப்படுத்த வேண்டியது தன் வீட்டுப் பெரியவர்களை.

வீட்டு அலமாரியில் கிடைக்காவிட்டால் வெளியே தேட வேண்டும். பிறர் உடுத்திய துணியை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும். உடுத்த முடியாதபடி கிழித்துக் கொண்டுவரப்படும் துணி பானிப்பட் ஆலைகளில் மீண்டும் நூலாகிப் போர்வையாகிறது. எனவே இங்கே மலிவு விரும்பிக்குப் புண்ணியத்தலம் திருப்பூர். காதர்பேட்டைக் கடைகளில் ஏற்றுமதியில் மிஞ்சியவையும், குறை கண்டு கழிக்கப்பட்டவையுமான பனியன்கள் குவிந்திருக்கும். அந்தக் குறை பெரும்பாலும் ஒரு சாயப் பொட்டு, ஓர் ஊசி ஓட்டை, கோணலாக விழுந்த அச்சு. கடல் கடந்த ஒரு தரப் பரிசோதகர் பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்த அந்தப் பொட்டை, வாங்கியவர் ஊரே பார்க்கும்படி பன்னிரண்டு பூக்களால் மறைப்பார். அலங்காரத் தையலின் உண்மையான தொழில் அழகுபடுத்துவதல்ல, மறைப்பதுதான். இதை ஒப்புக்கொண்டுவிட்டால் வேலை எளிதாகும்.

வாங்குமுன் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். காலர் மடிப்பு, முழங்கை, அக்குள், உட்காருமிடம் ஆகிய நான்கும் பொய் சொல்லாது. நைந்த துணியில் நெருக்கமான தையல் விழுந்தால் ஊசித் துளைகள் தபால்தலை ஓரம்போல வரிசைகட்டி நிற்கும். முதல் தும்மலிலேயே பூ தனியாகவும் சட்டை தனியாகவும் வந்துவிடும்.

இயந்திரத்தின் கதை சற்று நீளம். எலியாஸ் ஹோவ் 1846-இல் காப்புரிமை பெற்ற இயந்திரமும், ஐசக் சிங்கர் 1851-இல் பெற்றதும் நேர்த்தையல் மட்டுமே போட்டன. மனைவி கையால் தைத்துக் களைப்பதைக் கண்டு, அவர்மீதுள்ள அன்பினால் சிங்கர் அந்த இயந்திரத்தைச் செய்தார் என்று காந்தி 1924-இல் பாராட்டினார். இயந்திரங்களைப் பற்றிய தன் கண்டனத்திலிருந்து அதற்கு விலக்கும் அளித்தார். சிங்கரின் அன்பு ஒரே குடும்பத்தோடு நிற்கவில்லை, அவருக்குப் பல பெண்கள் மூலம் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் என்பது சபர்மதிவரை எட்டவில்லை போலும். அத்தனை சிறு சட்டைகளுக்கு இயந்திரம் தேவைப்பட்டிருக்கும்தான்.

ஊசித் தண்டு இடமும் வலமும் ஆடக் கற்ற பிறகுதான் அலங்காரம் வந்தது. 1952-இல் வந்த எல்னா சூப்பர்மேடிக் இயந்திரத்தில் வட்டத் தகடுகளை மாற்றி மாட்டலாம். தகட்டு விளிம்பின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப ஊசி நகரும்; தகட்டை மாற்றினால் தையலின் உருவமும் மாறும். 1975-இல் சிங்கர் நிறுவனம் வீட்டுக்கான மின்னணு இயந்திரத்தைக் கொண்டுவந்ததும் பொத்தானை அழுத்தினால் போதும் என்றாயிற்று. இன்று இயந்திரத்தின் முகப்பில் இலை, இதயம், வாத்து என்று டஜன் கணக்கில் படங்கள். வாங்கும்போது எல்லாவற்றையும் கடைக்காரர் தைத்துக் காட்டுவார். வீட்டுக்கு வந்தபின் ஓடுவது இரண்டு: நேர்த்தையல், சேலை ஓரத்துக்குப் பிகோ. வாத்துகள் விருந்தாளி வரும்வரை காத்திருக்கும்.

வாத்தை இறக்குவதற்கு முன் சில ஏற்பாடுகள் தேவை. சாதாரணப் பருத்திக்கு 90-ஆம் எண் ஊசி, ஜீன்ஸுக்கு 100. பனியன் துணிக்கு முனை மழுங்கிய ஊசி. கூர் ஊசி அதன் கண்ணிகளை அறுத்து, நாளடைவில் ஓட்டை விழச் செய்யும். மேல்நூலின் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் பாபின் நூல் மேலே எட்டிப் பார்க்காது. நெருக்கமான சாட்டின் தையலுக்குத் தையல் நீளம் அரை மில்லிமீட்டருக்கும் கீழே. துணிக்கு அடியில் பேப்பர் கேன்வாஸ் கட்டாயம். அதை மிச்சம்பிடிக்கிறவரின் பூக்கள் சுருங்கி, சுற்றியுள்ள துணியையும் தங்களோடு இழுத்துக்கொள்ளும். செய்தித்தாளை வைத்துத் தைப்பதும் உண்டு; வெள்ளைச் சட்டையானால் உள்பக்கத்தில் அன்றைய தலைப்புச் செய்தி படியும்.

இவ்வளவும் செய்தபின் துணியைக் கையால் பிடித்து இழுக்கக் கூடாது. அலங்காரத் தையலில் அடியிலுள்ள பற்கள் துணியை முன்னும் பின்னும் நகர்த்திக் கணக்காக உருவம் வரைகின்றன. உதவுவதாக நினைத்துப் பின்னாலிருந்து இழுத்தால் முதல் வாத்து கொக்காகும், அடுத்தது பாம்பாகும். அதே துணியின் துண்டில் முதலில் தைத்துப் பார்க்க வேண்டும் என்று எல்லாப் பயிற்சி நூலும் சொல்கிறது. எல்லோரும் அதைப் படிப்பது சட்டையில் தைத்து முடித்த பிறகு.

பிரிப்பது தனிக் கலை. ஐந்து நிமிடத்தில் விழுந்த சாட்டின் தையலைப் பிரிக்க ஒரு தொலைக்காட்சித் தொடரின் வாராந்திரக் கதை முழுவதும் ஆகும். அடிப்பக்கத்து நூலை வெட்டி, மேற்பக்கத்திலிருந்து உருவுவதே முறை. பொறுமையிழந்து மேற்பக்கம் வெட்டுகிறவர் துணியையும் சேர்த்து வெட்டுவார். அந்த ஓட்டையை மறைக்க இன்னொரு பூ வேண்டும். நெஞ்சு முழுக்கத் தோட்டம் உள்ள சட்டைகள் பலவும் ஒரே பூவில் தொடங்கியவைதான்.

சாயம் போகுமா என்று பார்த்து, தனியாகத் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி, மிதமான சூட்டில் தேய்க்க வேண்டும். இஸ்திரி வண்டிக்காரரிடம் அப்படியே திருப்பிக் கொடுத்தால், பாவம் அவசரத்தில் கழற்றியிருக்கிறார்கள் என்று இரங்கி, நேராகத் திருப்பி, கரிப்பெட்டியை வாத்துகளின் மேலேயே ஓட்டி, மடிப்புக் கலையாமல் கொடுப்பார்.