படகில் எந்த அடுப்பு?

சின்னப் படகில் டீ போட கேஸ் அடுப்பு கொண்டுபோகலாமா?

போகலாம். கசிந்த கேஸ் எந்த வழியாக வெளியேறும், சொல்லுங்கள்? அது காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். படகின் அடியில் இறங்கித் தேங்கிவிடும். அங்கே கதவு வைக்க முடியாதே! சிலிண்டரைத் திறந்த மேல்தட்டில் வையுங்கள். சமைத்து முடித்ததும் பர்னரோடு சிலிண்டர் வால்வையும் மூடுங்கள்.

பழைய பம்ப் ஸ்டவ் இந்தக் காலத்துக்கு உதவுமா?

1892-ல் சுவீடனில் பிறந்த பிரைமஸ் பம்ப் ஸ்டவ், துருவப் பயணிகளான நான்சென், அமுண்ட்சென் இருவருக்கும் பனியிலேயே உதவியது. உங்கள் படகிலா உதவாது? பர்னர் நன்றாகச் சூடேறும் முன் பம்ப் அடித்தால் மட்டும் குபீரென்று தீ எழும்பும்.

ஸ்பிரிட் அடுப்புத் தீயைத் தண்ணீர் ஊற்றியே அணைக்கலாமாமே?

அணைக்கலாம், தீ கண்ணுக்குத் தெரிந்தால்! பட்டப்பகல் வெயிலில் ஸ்பிரிட் சுடர் தெரிவதே அரிது. அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஸ்பிரிட் ஊற்றும்போதுதான் விபத்து. அடுப்பு முழுக்க ஆறிய பிறகே நிரப்புங்கள்.

அலையில் குழம்பு கொட்டாமல் இருக்க என்ன வழி?

அரைப் பாத்திரக் குழம்பு. அடுப்பு ஊஞ்சல்போல ஆடும் சட்டத்தில் இருந்தால், படகு சாய்ந்தாலும் பாத்திரம் சாயாது.

மழை வந்தால் படுதாவை இழுத்து மூடிக்கொண்டு சமைக்கலாமா?

கூடாது. சமையல் கேஸில் வாடை சேர்த்துத்தான் விற்கிறார்கள். கசிந்தால் மூக்கு சொல்லிவிடும். மூடிய இடத்தில் அடுப்பு எரியும்போது சேரும் கார்பன் மோனாக்சைடு நச்சுக்கு வாடை சேர்ப்பது யார்? எந்த அடுப்பானாலும் படுதா இரண்டு பக்கமும் திறந்திருக்கட்டும். நனைந்த சட்டை காய்ந்துவிடும், உயிர் திரும்பாது.